ஒருவருக்கு மட்டும் தெரியும் திரை

அத்தியாயம் 11

ஏழு வாரத்தில் ஒரு மனுஷர் எத்தனை தடவை ‘ம்’ கொட்ட முடியும்? ருக்மிணியைக் கேட்டால் சொல்வாள். காபி வேணுமா, ம். ஃபேனைக் குறைக்கட்டுமா, ம். வலிக்கறதா, அதற்கும் அதே ம். அந்த ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஆராவமுதன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபேனில் ஒட்டடை தொங்குகிறது, கொஞ்சம் துடையுங்கோ என்று அவள்தான் சொன்னாள். அவர் ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடியது. கழுத்துப் பக்கத்து எலும்பில் மயிரிழை விரிசல், ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் மூன்று மாதம் கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலையணை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நல்லவேளை, பெரிசாக ஒன்றும் ஆகவில்லை என்று ஜீவனஹள்ளியில் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பெரிசாக என்ன ஆயிற்று என்பது ருக்மிணிக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய பேச்சு போய்விட்டது.

ஆராவமுதன் வாய் மூடாத பேர்வழி. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்தவர். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். டி.வி.யில் படம் ஓடினால் அடுத்த சீனில் என்ன வரும் என்று முன்னாலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். சித்த சும்மா இருங்கோளேன் என்று எத்தனை வருஷம் அவரை அடக்கியிருப்பாள்! இப்போது அந்தத் தொணதொணப்புக்காக அவள் ஏங்கிக் கிடந்தாள். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது, இன்றைக்காவது ஏதாவது குறை சொல்ல மாட்டாரா என்று வாசற்படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வாள்.

என் மேல் கோபமா என்று கேட்டுவிடலாம். அதற்கும் ‘ம்’ என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கேட்காமலே இருந்தாள். கட்டில் அசையக் கூடாது என்று கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, மேலேயிருந்து வரும் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் மூன்றாவது ஆள் நிருபமா. ஒரே பெண், இருபத்தெட்டு வயது, ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறானால் கையில் கேம் விளையாடும் பெட்டி, காதில் ஹெட்ஃபோன். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஹாலில் இருக்கும் டி.வி.யை அவர் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. ஃபோனைப் பிடித்துக்கொள்ள வளைகிற கம்பி ஒன்று வாங்கிக் கட்டிலில் மாட்டினாள். இரண்டாம் நாளே கம்பி தொய்ந்து ஃபோன் அவர் நெஞ்சில் விழுந்தது.

அதற்கப்புறம்தான் இந்தக் கண்ணாடி யோசனை. ஆபீஸில் கூட வேலை செய்யும் நீல் என்கிற பையன் சொன்னானாம். மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே சினிமா திரை அளவுக்குப் படம் தெரியுமாம். ஒயரை ஃபோனில் சொருகினால் போதுமாம். படுத்துக்கொண்டு போட்டால் திரை கூரைக்குப் போய்விடும், கழுத்தை ஆட்டவே வேண்டாம். டாக்டரிடம் கேட்டதற்கு அவரும் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை, அடுப்பில் ரசம் கொதிக்கும்போதே நிருபமா வந்து கிளம்பச் சொன்னாள். இன்றைக்கே வாங்கியாக வேண்டுமாம். அடுத்த வாரம் போனால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று ருக்மிணி கேட்டதற்கு, கடையில் பேசியாச்சு, அப்பாவின் கண் பவர் சீட்டை மட்டும் எடுத்துக்கோ என்று பிடி கொடுக்காமல் போய்விட்டாள்.

ருக்மிணி பீரோவைத் திறந்தாள். கேஸ், கரண்ட், வீட்டு வரி, பல், கண் என்று ஆராவமுதன் கையெழுத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் லேபிள். ‘கண்’ ஃபைலில் மேலாக இருந்த மஞ்சள் சீட்டில் கே. ஆராவமுதன் என்று டைப் அடித்திருந்தது. தேதியும் இரண்டு வருஷத்துக்கு உட்பட்டதுதான். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கீழ்வீட்டு பிரிஜெட், ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள், துணைக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டோ போகிற வழியில் ஒரு மால். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அது சினிமா கொட்டகை. ருக்மிணி மன்னார்குடியிலிருந்து வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆராவமுதன் அவளைக் கன்னடப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வசனத்தையும் காதோடு காதாகத் தமிழில் சொன்னார். முன் சீட்டுக்காரர் மூன்று தடவை திரும்பி முறைத்தார். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தின் பெயர் இருக்கட்டும். மலைநாட்டில் மழை கொட்டும் ஊர், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவருக்கு ஒரே பெண். கடைசி சீனில் பெண் ரயிலேறிப் போகிறாள். பிறந்த வீட்டை விட்டு வந்து மூன்று வாரமே ஆன ருக்மிணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆராவமுதன் அவசரமாகக் குனிந்து, அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடறேன்னு சொல்றா பாரு என்றார். அவளுக்கு மூச்சு வந்தது.

கன்னடம் கற்றுக்கொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அதே படம் போட்டார்கள். அந்தப் பெண் வெள்ளிக்கிழமை என்று வாயே திறக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கோ அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். ஏன் பொய் சொன்னேள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டதற்கு, அழற பொண்டாட்டிகிட்ட வேற என்னத்தைச் சொல்றது என்று சிரித்தார். மால் வாசலில் சிக்னல் விழுந்து ஆட்டோ நின்றபோது ருக்மிணிக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது. நிருபமா ஃபோனில் எதையோ மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் சந்துக்குள் கடை. கவுன்டரில் இருந்தவர் கிளிஃபர்ட், ஆஸ்டின் டவுன்காரர், ஐம்பது வயசிருக்கும். கறுப்புத் துணியை விரித்து மூன்று கண்ணாடிகளை வரிசையாக வைத்தார். பார்க்க மூன்றும் கூலிங் கிளாஸ் மாதிரிதான் இருந்தன. காதுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமன், அதன் நுனியிலிருந்து ஒரு ஒயர்.

நிருபமா சரமாரியாகக் கேட்டாள். படம் எவ்வளவு அகலம், வேகமான கேம் போட்டால் இழுக்குமா, தலையைத் திருப்பினால் திரையும் கூடவே வருமா, இருந்த இடத்திலேயே நிற்குமா? கிளிஃபர்ட்டும் சளைக்கவில்லை. முதல் கண்ணாடி எடை குறைச்சல், பவர் உள்ளவர்கள் சின்னச் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவதில்தான் படம் அகலம், திரையை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாம், கேமுக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் கனம், ஒரு மணி நேரம் போட்டால் நெற்றியில் சூடு தெரியும். மூன்றாவது நடுத்தரம். காதில் மாட்டும் காம்பில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் கண்ணாடி இருட்டாகும், இன்னொரு தடவை அழுத்தினால் வெளியே இருப்பது தெரியும்.

ஆன்ட்டி போட்டுப் பார்க்கட்டும் என்று, அவள் போட்டிருந்ததைக் கழற்றச் சொல்லி, முதல் கண்ணாடியை ருக்மிணிக்கு மாட்டிவிட்டு, சக்கரத்தைத் திருப்பினார். மங்கலாக இருந்தது மெல்ல மெல்லக் கொஞ்சம் தெளிந்தது. கடை ஷட்டருக்கு முன்னால் ஒரு கடல். ஏதோ ஒரு கேமில் வரும் கடலாம். அலை வந்து காலடியில் உடைந்தபோது புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். நிருபமா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல் கேட்டது.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ருக்மிணி தன் மனதில் இருந்ததைக் கேட்டாள்.

“இது ரெண்டு பேர் சேர்ந்து பாக்க முடியாதா?”

“அதுதான் ஆன்ட்டி இதோட விசேஷமே. பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம்கூட போட்டவங்க காதுக்கு மட்டும்தான்.”

அவர் நல்லதாகத்தான் சொன்னார். ருக்மிணி கண்ணாடியைக் கறுப்புத் துணியில் திருப்பி வைத்தாள். ஏற்கெனவே ஒரு எழுத்தோடு நிறுத்திக்கொண்ட மனுஷர். இதையும் மாட்டிவிட்டால் கடலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் அந்த ‘ம்’மும் கிடைக்காது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வெள்ளையடித்த கூரையை ஏழு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கண்கள் ஞாபகம் வந்தன. தனக்குப் பேச்சு வேண்டும் என்பதற்காக அவருக்குக் கிடைக்கிற சந்தோஷத்தைத் தடுப்பதா? என்ன பெண்டாட்டி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நிருபமாவுக்கு இரண்டாவது கண்ணாடியின் மேல்தான் கண். அதை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி யாரையோ சுட்டுத் தள்ளினாள். ருக்மிணி மூன்றாவதைத் தொட்டாள்.

“இந்தப் பட்டனை அழுத்தினா, நான் கூப்பிடும்போது என் மூஞ்சி அவருக்குத் தெரியுமோ?”

தெரியும் என்றார் கிளிஃபர்ட். படத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிழலாகத் தெரியும், ஆனால் தெரியும்.

“அப்போ இதுவே போறும்.”

நிருபமா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். கையிலிருந்த இரண்டாவது கண்ணாடியைக் கீழே வைத்தாள். சரி, அப்பாவுக்குத்தானே, நான் இன்னும் எத்தனை நாள் என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எத்தனை நாள் என்னடி என்று ருக்மிணி கேட்டதற்கு, எத்தனை நாள்தான் யோசிச்சிண்டே இருக்கறதுன்னு சொல்ல வந்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவளுக்கு அது பொய் என்று தெரியாதா? தெரிந்தது. ஆனால் அப்போது மனசு முழுக்க ஜீவனஹள்ளிக் கட்டிலில் இருந்தது.

கிளிஃபர்ட் மஞ்சள் சீட்டைப் பார்த்துவிட்டு, விழி வளைவைச் சரிசெய்கிற சிலிண்டர் பவரும் இருக்கிறது, இதற்குச் சக்கரமுள்ள கண்ணாடி எப்படியும் சரிப்பட்டிருக்காது, சீட்டில் உள்ளபடி சின்ன லென்ஸ் செய்து உள்ளே மாட்ட வேண்டும் என்றார். இரண்டு கடை தள்ளி ஒரு ஆப்டிகல்ஸ், இரண்டு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்களாம். ருக்மிணியின் ஃபோன் இதற்கு ஒத்துவராது, நிருபமாவின் ஃபோன் ஒத்துவரும் என்று சொருகிப் பார்த்துச் சொன்னார். ஃபோனில் என்ன வந்தாலும் அப்படியே திரையில் வரும் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். நிருபமா தலையாட்டினாள். காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. பிரிஜெட் எழுந்து கீழே போனாள். எத்தனை பேசிப் பார்த்தேன், ஒரு பதிலும் இல்லை என்று படியிறங்கும்போது கையை விரித்தாள்.

படம் எது போடலாம் என்று நிருபமா கேட்டதும், ருக்மிணி அந்த ஸ்டேஷன் மாஸ்டர் படத்தின் பெயரைச் சொன்னாள். தேடினதும் நெட்டில் கிடைத்தது. நிருபமா அப்பாவின் சொந்தக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றிவிட்டு, புதுசை மாட்டினாள். ஃபோனை மெத்தையில் வைத்தாள். ருக்மிணி கட்டிலோரம் நின்று, அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தாள். கண்கள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. உதடு மட்டும் தெரிந்தது. அது கோணியது.

“மசமசன்னு இருக்கு.”

இரண்டு வார்த்தை. ருக்மிணி அதையே பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டாள். நிருபமா கண்ணாடியை மேலே தள்ளினாள், கீழே இறக்கினாள், லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு என்றார் ஆராவமுதன். சரியான சீட்டுதானே என்று நிருபமா கேட்க, உங்கப்பா பேர் கொட்டை எழுத்துல போட்டிருக்கே என்று ருக்மிணி நீட்டினாள்.

சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார் ஆராவமுதன். எண்களை இன்னொரு தடவை படித்தார்.

“ருக்கு, இது என் பவர் இல்லை. உன்னோடது.”

ஏழு வாரத்துக்கப்புறம் அவர் வாயிலிருந்து ருக்கு என்ற பெயர். முதலில் அவளுக்கு அதுதான் காதில் விழுந்தது, மற்றது அப்புறம்தான். அவர் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்குச் சீட்டு கொடுப்பார்கள், ஊழியருக்கு மட்டும். ரிடையராகும் வருஷம் கொடுத்த கடைசிச் சீட்டு அது. கோலப் புள்ளியெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பழசே போறும், நீ போய் உட்காரு என்று தன் சீட்டில் அவளை அனுப்பிவிட்டு அவர் வெளியே நின்றார். உள்ளே கண் பார்க்கிற பெண் ஆராவமுதன் யார் என்று கூப்பிட, ருக்மிணி நான்தான் என்று எழுந்து போனாள். பஸ்ஸில் வீடு வந்து சேருகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எப்படி மறந்தாள்? வீட்டில் எல்லாம் அவர் பெயரில் இருந்து பழக்கம். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வேறு லென்ஸ் போட்டுக்கொண்டு வந்துடறேன், அப்பா சித்த பொறுத்துக்கோ என்றாள் நிருபமா. பிரிஜெட்டின் டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டு வருவதாகக் கீழே போனவள் அங்கேயே பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். ருக்மிணி ஒயரைச் சுருட்டப் போனாள். ஆராவமுதன் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“சுருட்டாதே. உனக்குச் சரியா இருக்குமே, நீ போட்டுக்கோ. பாத்துண்டே எனக்குச் சொல்லு.”

ஒயரோ முழம் போட்டால் இரண்டரை முழம் தேறாது. ஃபோன் மெத்தையில். கீழே உட்கார்ந்தால் எட்டவில்லை. தயங்கித் தயங்கி, கட்டில் ஆடாமல், அவர் பக்கத்தில் ஏழு வாரமாக வெறுமனே கிடந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டிக்கொண்டாள். கூரை முழுக்க மலைநாட்டு மழை பளிச்சென்று கொட்டியது. சத்தத்தை ஃபோனிலேயே வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், உன் குரலே போறும் என்றார்.

சொன்னாள். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியை உதறுவதைச் சொன்னாள். பெண் குடையை மறந்துவிட்டு ஓடுவதைச் சொன்னாள். பாதியில் அவர் குறுக்கே புகுந்தார். அடுத்தாப்பல தபால்காரன் வருவான் பாரேன் என்றார். சித்த சும்மா இருங்கோளேன் என்று அவள் வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு அழுகை வந்தது. கண்ணாடி மறைத்துக்கொண்டது.

தைரியம் வந்தது அப்போதுதான். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன்னா, என் மேல கோபமா?”

“உன் மேல எதுக்குக் கோபம்? அந்த ஸ்டூல் காலை ரிப்பேர் பண்றேன் பண்றேன்னு நாலு மாசம் ஓட்டினவன் நான்.” கூரையில் கொஞ்ச நேரம் மழை பெய்தது. “நீ வந்து நிக்கறே, போறே. மூஞ்சி தெரியலை. கூரையோட என்னத்தைப் பேசறது ருக்கு? வாயைத் திறந்தா அழுதுடுவேனோன்னும் ஒரு பயம்.”

அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவர் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசினார். மூன்று மாசமும் இப்படியே போனாலும் சரி என்றார். நீ இருக்கே, நிரூ இருக்கா, ஆத்துல மூணு பேரும் இருக்கோம், எனக்கு அது போறும், இதுல ஒண்ணு குறைஞ்சாலும் இப்போ என்னால தாங்க முடியாது என்றார். ருக்மிணி அவர் விரலை அழுத்தினாள். இந்தக் குரலுக்காகத்தானே அவள் வாசற்படியில் நின்று நின்று காத்திருந்தாள்? இனிமேல் எது வந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி சீன் வந்தது. பிளாட்பாரத்தில் மழை. ரயில் நிற்கிறது. பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ருக்மிணி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போது திரையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அகலம். அதில் நீல் என்று பெயர். நிருபமாவின் ஃபோனுக்கு வந்த செய்தி, இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் உயரத்துக்கு நின்றது.

‘நிரூ, டப்ளின் வேலை உறுதி ஆகிவிட்டது. நம் இரண்டு பேருக்கும்! பிப்ரவரி இரண்டாம் தேதி அங்கே சேர வேண்டும். வீட்டில் எப்போது சொல்லப் போகிறாய்?’

ருக்மிணி இரண்டு தடவை படித்தாள். பட்டை மேலே போய் மறைந்தது. அதற்குப் பின்னால் அந்தப் பெண் ரயில் படியில் கால் வைத்துவிட்டாள்.

அவசரமாய் இன்றைக்கே வாங்கினது ஏன், எத்தனை நாள் என்று பாதியில் நின்றது ஏன், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நம் இரண்டு பேருக்கும் என்றால் என்ன என்பதுதான் விளங்கவில்லை. திரையில் இருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கடைக்காரர் சொன்ன விசேஷம் இதுதான்.

“ஏன் நிறுத்திட்டே? பொண்ணு ரயிலேறிட்டாளா?”

எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, உங்கள் பெண் என்ன செய்திருக்கிறாள் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். இன்னொரு தடவை அது திறக்குமோ திறக்காதோ. தன் விரலைச் சுற்றியிருந்த அவர் விரல்களை ருக்மிணி இறுக்கிக்கொண்டாள்.

“ஏறிட்டா. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடறேன்னு சொல்றா.”

ஆராவமுதன் சிரித்தார். கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து, வலிக்க வலிக்க, கட்டில் குலுங்கச் சிரித்தார். அது நான் சொன்ன பொய்டி, என்கிட்டயே திருப்பி விடறியா என்றார். சிரிப்பில் அவர் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது. அழற புருஷன்கிட்ட வேற என்னத்தைச் சொல்றது என்று ருக்மிணி சொன்னாள். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள்.

படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் ருக்மிணி கண்ணாடிக் காம்பின் பட்டனை அழுத்திக்கொண்டாள். சிரிப்பைக் கேட்டு ஓடி வந்த நிருபமா அறை வாசலில் அப்படியே நின்றாள். அப்பா சிரிப்பதைப் பார்த்து அவள் முகமும் மலர்ந்தது. அதே முகம், அம்மாவின் பக்கத்தில் ஃபோனைப் பார்த்ததும் மெல்ல வெளுத்தது. கறுப்புக் கண்ணாடி வழியே, ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குப் பின்னால் நிழல் மாதிரி, ருக்மிணிக்கு அது தெரிந்தது.

“அம்மா, எனக்கு ஏதாவது மெசேஜ் வந்ததா?”

ருக்மிணி கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இல்லையே. படம்தான் ஓடிண்டிருக்கு.”